கேட் 140 மீட்டர் தள்ளி, இரவில் முகமே தெரியவில்லை: தோட்டத்து வீட்டுக்கு எந்த கேமரா அமைப்பு சரிப்படும்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீடு தோட்டத்துக்குள் தனியாக இருக்கிறது, பக்கத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேர்தான் அங்கே இருக்கிறார்கள், நான் வேலைக்காக வெளியூரில். வீட்டிலிருந்து கேட் 140 மீட்டர், டிராக்டர் நிற்கும் கொட்டகை 60 மீட்டர், இடையில் மரங்கள்.

போன வருடம் நான்கு வைஃபை கேமரா கொண்ட செட் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். கேட்டில் மின்சாரம் இல்லாததால் அங்கே மட்டும் சின்ன சோலார் பலகையோடு வரும் பேட்டரி கேமரா. அது அடிக்கடி துண்டித்துப் போகிறது, மழை பெய்தால் இன்னும் மோசம். கொட்டகை கேமராவிலிருந்து ஒரு ராத்திரிக்கு அறுபது எழுபது அறிவிப்பு வரும், திறந்து பார்த்தால் பூச்சி.

போன மாதம் டிராக்டரில் இருந்து டீசலை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கேட் கேமராவில் 11 நொடிப் பதிவு இருக்கிறது, அதில் ஒரு பைக்கின் பின்விளக்கு தூரத்தில் போகிறது, அவ்வளவுதான். கொட்டகையில் ஒரு தொப்பியின் மேல்பக்கமும் டார்ச்சின் வெள்ளை வட்டமும். யார் கையும் எட்டக்கூடாது என்று 5 மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தேன். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

இந்த முறை தப்பு பண்ணக்கூடாது. எந்த பிராண்ட் வாங்கலாம்? 4கே எட்டு கேமரா செட் போதுமா, அல்லது வைஃபை எக்ஸ்டெண்டர் போட்டு இருப்பதையே ஓட்டலாமா?

பதில் 1

பிராண்டை அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொரு கேமராவும் உங்களுக்கு என்ன காட்ட வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று தெரிந்தால் போதுமா, "இது நமக்குத் தெரிந்த ஆள்" என்று தெரிய வேண்டுமா, முன்பின் தெரியாதவன் முகம் போலீசில் காட்டும் அளவுக்கு வேண்டுமா? இதற்குக் கணக்கே இருக்கிறது. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி) விழுந்தால் ஆள் இருப்பது தெரியும், 125 விழுந்தால் பழகிய ஆளை அடையாளம் தெரியும், 250 விழுந்தால்தான் புதிய முகம் தெளியும்.

இதை உங்கள் கேமராவில் வைத்துப் பாருங்கள். செட்டில் வருவது பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ், சுமார் 100 டிகிரி அகலம் பிடிக்கும். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல். 10 மீட்டர் தூரத்திலேயே அது 24 மீட்டர் அகலத்தைப் பிடித்துவிடும், அதாவது மீட்டருக்கு 107 பிக்சல்தான். 250 வேண்டுமென்றால் ஆள் 4 மீட்டருக்குள் வர வேண்டும். முகம் தெரியாமல் போனதற்கு உயரம் பாதிக் காரணம், லென்ஸ் பாதிக் காரணம்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொட்டகை எந்தத் திசையில் இருக்கிறது? அங்கே மின்சாரம் உண்டா?

கேட்டவர்

கொட்டகை கேட்டுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது, அங்கிருந்து கேட் 85 மீட்டர் வரும். கொட்டகையில் மின்சாரம் உண்டு, ஆனால் மோட்டார் லைனிலிருந்து வருவது, வீட்டு லைன் வேறு. கேட்டில் முகம் வேண்டும். கொட்டகையிலும் முகம் வேண்டும். வீட்டு முன்பக்கமும் பின்பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும்.

பதில் 2

நான் இந்த வேலைதான் செய்கிறேன். உங்கள் இடத்துக்கு எக்ஸ்டெண்டர் வேண்டாம். வைஃபை அலையை இலையில் இருக்கும் ஈரம் உறிஞ்சிவிடும், மழையில் மோசமாவது அதனால்தான். எக்ஸ்டெண்டர் வைத்தால் கெட்டுப்போகிற இடம் ஒன்று கூடும்.

பிஓஇ வகைக்குப் போங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் போகும், படமும் வரும். பதிவு வீட்டில் இருக்கும் என்விஆர் பெட்டியில் விழும், இன்டர்நெட் போனாலும் நிற்காது. இந்தக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை, அதனால் வீட்டிலிருந்து கேட்டுக்கு நேராக 140 மீட்டர் இழுக்க முடியாது. ஆனால் கொட்டகை நடுவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே ஒரு பிஓஇ சுவிட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களைச் சேர்த்து, கேமராக்களுக்கு மின்சாரமும் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். வீடு முதல் கொட்டகை 60, கொட்டகை முதல் கேட் 85, இரண்டுமே எல்லைக்குள்.

இதில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையில் தாமிரக் கேபிள் போடாதீர்கள், ஃபைபர் (ஒளி வழியாகத் தகவல் போகும் கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள். இரண்டும் தனித்தனி லைன், தனித்தனி எர்த். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் வரும் மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும். ஒரு இடியில் என்விஆர், ரவுட்டர், டிவி மூன்றும் சேர்ந்து போனதை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன், சாக்கெட் உள்ளே கரி படிந்து பின் எல்லாம் உருகி ஒட்டியிருந்தது. ஃபைபரில் மின்சாரம் ஏறாது. இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டே விற்கிறார்கள், எஸ்எஃப்பி துளை (ஃபைபரை இணைக்கும் துளை) உள்ள சுவிட்ச்சும் அதற்கான மாட்யூலும் வாங்கினால் சொருகினால் போதும். கொட்டகையிலிருந்து கேட்டுக்குத் தாமிரம்தான் போக வேண்டும், அதற்கு இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி), நல்ல எர்த்.

கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 85 மீட்டரில் அது மின்னழுத்தத்தைத் தின்றுவிடும், பகலில் ஓடும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா அணைந்து அணைந்து வரும். எலி கடிக்காமல் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள், குழாய்க்குள் ஒரு நைலான் கயிறும் சேர்த்து விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொரு கேபிள் இழுக்க உதவும்.

பதில் 3

குறுக்கே ஒரு வார்த்தை. குழி தோண்ட வேண்டாம் என்றால் கேட்டுக்கு 4ஜி சிம் போடும் சோலார் கேமரா வைக்கலாமே? நான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

பதில் 2

தோண்ட வழியே இல்லாத இடத்தில் அது நல்லதுதான், நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இவர் பிரச்சினைக்கு அது விடை ஆகாது. பேட்டரி கேமரா எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டினால்தான் எழும். அந்த சென்சார் எட்டு, பத்து மீட்டருக்கு மேல் நம்பும்படி வேலை செய்யாது, நேராக எதிரே வருபவரை விடக் குறுக்கே நடப்பவரைத்தான் சீக்கிரம் பிடிக்கும். விழித்துப் பதிவு தொடங்குவதற்குள் பைக் போய்விடும். அந்த 11 நொடிப் பதிவில் பின்விளக்கு மட்டும் இருப்பது அதனால்தான். டேட்டாவும் பாருங்கள், 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் நேரலை பார்த்தால் 900 எம்பி.

பதில் 4

பூச்சி விஷயம் யாரும் சொல்லவில்லை, நான் இதில் நிறைய பட்டவள். கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கே பூச்சியை இழுக்கும், பூச்சியைத் தேடி சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் ஒரே ஒரு இழை கட்டினாலும் போதும். பகலில் அது கண்ணுக்கே தெரியாது, இரவில் திரை முழுக்க வெள்ளைக் கயிறு ஆடுவது போல ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு அறிவிப்பு. நான் கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினேன். பூச்சி அங்கே போய்விட்டது. 850 நானோமீட்டர் விளக்கு வாங்குங்கள் தம்பி, கிட்டப் பார்த்தால் லேசாகச் சிவப்பு தெரியும், பரவாயில்லை. 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது.

அறிவிப்பில் "மனிதர், வாகனம்" மட்டும் என்று வைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள், வெறும் அசைவு வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மென்மையான துணியால் கேமராவைச் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். உயரம் 2.5 மீட்டரிலிருந்து 3 மீட்டர் போதும்.

பதில் 1

4கே பற்றிக் கேட்டிருந்தீர்கள். 4கே என்றால் 8 மெகாபிக்சல். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சார்; அதே அளவு சென்சாரில் பிக்சலைக் கூட்டினால் ஒவ்வொன்றுக்கும் விழும் வெளிச்சம் குறையும், இரவில் படம் புள்ளி புள்ளியாகும். 1/2.8 அங்குல சென்சாரில் 8 மெகாபிக்சலை விட, அதைவிடப் பெரிய 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் இரவில் எத்தனையோ மேல். கேட்டுக்கு 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றும் லென்ஸ் உள்ளதை வாங்கி, கேட் அகலம் மட்டும் படத்தில் நிறையும்படி நெருக்கி வையுங்கள். கேட் 4 மீட்டர் என்றால் மீட்டருக்கு 640 பிக்சல், முகம் தாராளமாகத் தெரியும். தூசியும் மழைநீரும் புகாது என்பதற்கான ஐபி66 அல்லது ஐபி67 தரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது முறை) இருந்தால் நாளைக்கு வேறு நிறுவனத்துக் கேமராவையும் அதே என்விஆரில் சேர்க்கலாம். எட்டு வேண்டாம், சரியான இடத்தில் நான்கு போதும்.

வன்தட்டு: ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளுக்கு 43 ஜிபி, நான்குக்கு 173. 2 டிபி தட்டில் 11 நாள் நிற்கும். எச்.265 என்ற, வீடியோவை இன்னும் சுருக்கும் முறையை வைத்து 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் 23 நாள். கணினியில் போடும் சாதாரண தட்டு வேண்டாம், இரவு பகலாக எழுத என்றே செய்யப்படும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றதாக வாங்குங்கள்.

பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கச் சொன்னால் திறக்காதீர்கள். என்விஆரின் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வையுங்கள், நேரம் தப்பாக இருந்தால் பதிவைக் காட்டும்போது சிக்கல்.

கேட்டவர்

எல்லோருக்கும் மனசார நன்றி. கரண்ட் சில நாள் மூன்று மணி நேரம் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கொட்டகையில் இல்லை.

பதில் 2

என்விஆர், ரவுட்டர், வீட்டுக் கேமரா இரண்டும் இன்வெர்ட்டரில் போகட்டும். கொட்டகையில் சுவிட்ச்சும் இரண்டு கேமராவும் சேர்த்து 20 வாட்டுக்குள் வரும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி 84 வாட்-மணி, இழப்பு போக மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும். பேட்டரி பழசானால் அது குறையும், அதனால் ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

கேட்டவர், ஐந்து வாரம் கழித்து

வேலை முடிந்தது, சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குழி தோண்ட இரண்டு நாள், மாட்ட ஒரு நாள். வாங்கிய கேபிளைச் சுரண்டிப் பார்த்தேன், முதலில் கொடுத்தது வெள்ளையாகத்தான் இருந்தது, திருப்பிக் கொடுத்து மாற்றினேன். கொட்டகை கேமராவை 2.7 மீட்டருக்கு இறக்கி, டீசல் டேங்க் பக்கம் வருபவர் எந்த வழியாக வந்தாலும் முகம் கேமராவைப் பார்க்கும்படி வாசலுக்கு எதிரே மாட்டினோம். விளக்கு தனியாக. நேற்று ராத்திரி வந்த அறிவிப்பு இரண்டு, இரண்டும் அப்பாதான், மோட்டார் போட வந்தது. சட்டைப் பையில் பேனா இருப்பது வரை தெரிகிறது. அம்மா படுக்கப் போகும் முன் டிவியில் நான்கு படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. கேட்டில் இரவு வரும் வண்டியின் நம்பர் தெரியவில்லை, ஹெட்லைட் வெளிச்சத்தில் எல்லாம் வெளுத்துவிடுகிறது.

பதில் 1

முகமும் நம்பரும் ஒரே கேமராவில் இரவில் வராது. நம்பருக்குத் தனிக் கேமரா வேண்டும், ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகம், படம் இருட்டாகத் தெரியும், ஆனால் நம்பர் பலகை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் அது மட்டும் பளிச்சென்று வரும். வண்டி மெதுவாகும் இடத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், போகும்போது பின் நம்பரைப் பிடித்தால் ஹெட்லைட் தொல்லையே இருக்காது. சுவிட்ச்சில் இன்னொரு போர்ட் காலி இருக்கிறதா?

கேட்டவர்

இரண்டு காலி. குழாய்க்குள் நைலான் கயிறும் இருக்கிறது, சனிக்கிழமை ஊருக்குப் போய் இழுத்துவிடுகிறேன்.