வடசென்னையில் வாடகையா, சொந்த வீடா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

துறைமுகத்துக்காரன்:
போன வருடம் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு வந்தேன். தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மாதம் 14,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், கரண்டுக்கு யூனிட் ஒன்பது ரூபாய் தனி. "வாடகை கொடுக்கிற காசுல லோன் கட்டலாமே மாப்பிள்ளை" என்று மாமனார் வாரம் தவறாமல் போன் போடுகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 லட்சம் கடன், எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் 34,700 வருகிறது. வாடகை கொடுக்கிற காசா அது?

சரி, பார்ப்பதில் என்ன என்று எம்.கே.பி. நகர் தாண்டி ஒரு வீட்டுக்குப் போனோம். ரீசேல், தரைத்தளம், பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. ஹால் நன்றாக இருந்தது, கிச்சன் நன்றாக இருந்தது, பிரிட்ஜ் மட்டும் மூன்று வரிசை ஹாலோ பிளாக் மேலே ஏறி நின்றது. எங்களுக்குக் காபி போட அந்த வீட்டு அம்மா ஸ்டூல் போட்டு ஏறித்தான் பால் எடுத்தார். "ஏன்மா இவ்வளவு உசரத்துல?" என்று கேட்டேன். மகன் வாயைத் திறப்பதற்குள் "எலித் தொல்லைப்பா" என்றார். வெளியே வந்து எட்டிப் பார்த்தால் எதிர் வீட்டிலும் பிரிட்ஜ் கல் மேலே, வாஷிங் மெஷின் கல் மேலே. தெரு முழுக்க எலியா? கேப்டன் காட்டன் கால்வாய் எவ்வளவு தூரம் என்றேன். புரோக்கர் "அது அந்தாண்ட சார்" என்று கையை வீசினார். அந்தாண்ட என்றால் எந்தாண்ட?

விலை மற்றதைவிட ஆறு லட்சம் குறைவு. என் வீட்டம்மாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அந்த ஸ்டூல்தான் கண்ணிலேயே நிற்கிறது.

மூலக்கடை:
வாடகையும் இல்லை, வாங்கவும் இல்லை, நடுவில் லீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் மாட்டியவன் நான். எங்கள் ஊரில் ஒத்தி என்போம், இங்கே போக்கியம் என்றும் சொல்கிறார்கள். ஏழு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! அம்மாவின் செயினும் அதில் போனது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மதியம், தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். ஒரு வங்கியிலிருந்து இரண்டு பேர், கையில் நோட்டீஸ், ஒரு டப்பா பசை. ஓனர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருக்கிறார். "நீங்க ஓனரா, குடியிருக்கவரா?" லீஸ் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அதில் ஒருவர், பசை இறுகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் கொடுங்க சார் என்று என்னிடமே கேட்டார். நானும் எச்சில் கையைக் கழுவிவிட்டு ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தேன். என் வாசல் கதவில் ஒட்டுவதற்கு!

இதுவரை நாலரை லட்சம் வந்திருக்கிறது. மீதிக்கு ஒரு செக் இருக்கிறது, போட வேண்டாம் என்று ஓனரே சொல்கிறார்.

ராயபுரம் ஆளு:
துறைமுகம் அண்ணே, ஒரு பிரிட்ஜைப் பார்த்துவிட்டு மொத்த ஏரியாவையும் தண்ணீரில் முக்காதீர்கள். 2015-இல் முடிச்சூரில் படகு விட்டார்கள், வேளச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கெல்லாம் யாரும் வீடு வாங்காமலா இருக்கிறார்கள்? வடசென்னை என்றால் மட்டும் மூக்கைப் பிடிப்பது பழகிவிட்டது.

என் கதை சின்னது. 2017-இல் திருவொற்றியூர் தேரடி பக்கம் வாங்கினேன், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. முதல் ரயிலை அம்மா மொட்டைமாடியில் வடகத்தைக் கையில் பிடித்தபடி பார்த்தார், பிழிவதை நிறுத்திவிட்டு. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விலையை மட்டும் பார்க்காதீர்கள், பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் இருக்கிறது, 50 லட்சத்துக்கு நாலரை லட்சம், அதைப் பல இடத்தில் லோனில் சேர்க்க மாட்டார்கள், கையிலிருந்துதான் போகும். அப்புறம் யூடிஎஸ், அதாவது மொத்த மனையில் நமக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு. 800 சதுர அடி பிளாட் என்பார்கள், உங்கள் பங்குக்கு மண் எவ்வளவு என்று கேளுங்கள், கட்டடம் பழசாக ஆக அந்த மண்ணுக்குத்தான் காசு. மூலப் பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள், புரோக்கர் சொல்லும் வக்கீலிடம் அல்ல. மூலக்கடை தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் அடமானம், கடன் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதை, இலவசமாகவே பார்க்கலாம், வங்கியில் பத்திரம் வைத்திருந்தால் பெரும்பாலும் அதில் வந்துவிடும், ஏழு லட்சம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று: 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பத்து மாதம் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். மெட்ரோ வாட்டர் வருகிறதா, லாரியா, சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு பெரிசு, இதையெல்லாம் ஓனரிடம் கேட்காதீர்கள், முனையில் இருக்கும் டீக்கடையில் கேளுங்கள்.

மூலக்கடை:
பத்து நிமிடமாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன் அண்ணே.

எண்ணூர் லோக்கல்:
தேரடியில் இருப்பவருக்கு எங்கள் காற்று தெரியாது, விட்டுவிடுங்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய். வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. சோப்புக்கு அசையவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம். நான் வாடகைக்காரன், பொங்கல் முடிந்ததும் சாமானை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஏற்றக் கை கொடுத்தார். அவருடையது சொந்த வீடு. வண்டி கிளம்பும்போது கோட்டுக்கு மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

வஞ்சிரம்:
எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஏன் கடனில் விழுந்தேன் என்று சொல்கிறேன். பெரம்பூரில் ஒரு மாடி வீடு, எனக்கு ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் வேலை, நடந்தே போகலாம். டோக்கன் 5,000 கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கப் போகும் வழியில் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு போனேன், புது வீட்டில் முதல் சமையல் என்று ஆசை. ஹவுஸ் ஓனர் அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். அதை நான் சொல்லவில்லை, மீன் சாப்பிடுவோம் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய் அந்த 5,000-ஐ எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார், எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. எச்சில் தொட்டு எண்ணினார். ஐம்பது நோட்டும் எண்ணி முடிக்கும் வரை பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அவர் கோலத்தின் மேல். நகரவில்லை நான், வேண்டுமென்றேதான்.

அந்தத் தெருவிலேயே இன்னும் நான்கு வீடு பார்த்தேன், அதே கேள்வி. அந்த வருடமே கொளத்தூரில் பிளாட் வாங்கிவிட்டேன். சம்பளத்தில் பாதி இஎம்ஐ-க்குப் போகிறது. போன மாத அசோசியேஷன் மீட்டிங்கில் ஒருவர் எழுந்து, லிப்டில் மீன் கொண்டுபோகக்கூடாது என்று போர்டு வைக்கலாமா என்கிறார். மூன்றாவது மாடி. படியில் ஏறிப் போகவா?

ராயபுரம் ஆளு:
வைக்க விடாதீங்க அக்கா. உங்கள் அசோசியேஷன் பைலாவை, அதாவது விதிமுறையை, எடுத்துப் பாருங்கள், பொதுப் பயன்பாடு என்று வரும் இடத்தில்...

வஞ்சிரம்:
போர்டு வரட்டும், அதிலேயே பையை மாட்டுகிறேன்.

துறைமுகத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மழையில், ராயபுரம் அண்ணன் சொன்னபடி அந்தத் தெரு முனை டீக்கடைக்குப் போனேன். எலித் தொல்லை அதிகமாமே என்று சும்மா கேட்டேன். டீ மாஸ்டர் சிரித்துவிட்டு, கடை பெஞ்சுக்குக் கீழே காட்டினார். அவருடைய சிலிண்டரும் கல் மேலேதான் இருக்கிறது.

வேண்டாம் என்று புரோக்கருக்குச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், பிரிட்ஜ் என்றேன். இன்று காலையில் திரும்பக் கூப்பிட்டு, "சார், பிரிட்ஜைக் கீழ எறக்கிட்டாங்க, ஒரு தடவை வந்து பாருங்க" என்கிறார்.