ஊர்த் தேக்கும் பழைய ஓக்கும் ஒரே அறையில்: வெளிநாட்டு வீட்டுச் சுவருக்கு நிறம் பார்ப்பது எப்படி

கோபி, பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் பக்கங்களிலிருந்து அண்மையில் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதுகிறேன். தாத்தா காலத்துத் தேக்கு பீரோவையும் ஈட்டி (ரோஸ்வுட்) மர நாற்காலிகளையும் கப்பலில் அனுப்பியாயிற்று. போன இடத்தில், பழைய சாமான் கடைகளில் ஓக் மரச் சாப்பாட்டு மேசையும், 1960களில் செய்த, மெல்லிய கால் வைத்த நீள அலமாரியும், பச்சை வெல்வெட் சோபாவும் மலிவாகக் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சுவருக்கு என்ன நிறம் அடித்தால் இவை சேர்ந்து அமையும் என்பதே கேள்வி. நான் இங்கிலாந்தின் வடபகுதியில் பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டு இப்போது கோபியில் இருப்பவன். புறப்படும் பிள்ளைகளுக்கு மரச்சாமான்களைக் கட்டி அனுப்புவதில் உதவியும் வருகிறேன். இரண்டு ஊர் வெளிச்சத்திலும் ஒரே பீரோவைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஊரில் பார்த்துப் பழகிய நிறத்தை நினைவிலிருந்து எடுத்து அங்கே அடித்துவிடாதீர்கள். வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். நடுவில் தொட்டி எனப்படும் திறந்த முற்றம் உள்ள நம் தொட்டிக்கட்டு வீடுகளில் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்த சுவர் வெள்ளை வெளேரென்று குளிர்ச்சியாகத் தெரிந்ததற்குக் காரணம் சுவர் மட்டுமன்று. டிசம்பர் நண்பகலில்கூட நம் பக்கத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை உயரத்தில் நிற்கிறது. அந்த வெயில் தொட்டியில் இறங்கி, சிவப்பு ஆக்சைடு தரையில் பட்டு, இளஞ்சூட்டோடு ஆசாரத்துச் (கூடத்துச்) சுவரில் ஏறுகிறது. லீட்ஸ் நகரில் அதே நாளில் சூரியன் 13 பாகையைத் தாண்டுவதில்லை, அதுவும் மேகம் விலகினால்தான். அங்கே வடக்கு பார்த்த அறைக்கு நேர் வெயிலே கிடையாது. வானத்தின் சாம்பல் நீலம் மட்டுமே உள்ளே வரும். அந்த வெளிச்சத்தில் நீலச் சாயல் உள்ள வெள்ளை, அழுக்குச் சாம்பலாகத் தெரியும். கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பளீர் வெள்ளை எமல்ஷனும் பெரும்பாலும் இந்த வகைதான். அதன் முன்னால் ஈட்டி நாற்காலியை வைத்தால் மரத்தின் ரேகை ஒன்றும் தெரியாமல் கரிய நிழலுருவமாக நிற்கும்.

என் சின்னம்மா மகள் ஒருத்தி லீட்ஸில் வீடு வாங்கியதும், சத்தியமங்கலத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்த அதே இளம் மயில்கழுத்து நிறத்தை முன்னறைக்கு அடித்தாள். ஊரில் அந்தச் சுவருக்கு முன்னால் தேக்கு ஊஞ்சல் பலகை பொன்னிறமாக மின்னும். அங்கே அதே பலகை ஆரஞ்சாகத் துருத்திக்கொண்டு நின்றது. சுவரோ மாலை மூன்று மணிக்கே ஈயம் போல மங்கிவிட்டது. சாயத்தில் குறையில்லை, மரமும் பழைய மரம்தான். மாறியது வெளிச்சமும், பக்கத்தில் வந்து நின்ற பொருள்களுமே.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தைப் பொறுத்து வேறாகத் தெரியும் என்பதைச் சென்னிமலையிலும் பவானியிலும் தறி பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், கருப்பு நூல் கருப்பாக இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்து, சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் ஓடும் நிறமே கருப்பை வெளுப்பாகக் காட்டுகிறது என்று கண்டறிந்தார். அதன் விதிகளை 1839இல் நூலாக வெளியிட்டார். நீலத்தின் பக்கத்தில் ஆரஞ்சு கூடுதலாக ஆரஞ்சாகும், பச்சையின் பக்கத்தில் சிவப்பு கூடுதலாகச் சிவக்கும். தேக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு. ஆகவே நீலச் சுவர் அதை உசுப்பிவிடும். பழைய மரத்துக்குச் சுவர் பார்ப்பவர்கள் இந்த ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி மரத்தைப் படிப்பது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு சாமான் மீதும் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். வெறும் பழுப்பாகத் தெரிந்த மரம் அப்போது தன் உள்நிறத்தைக் காட்டும். ஓக் வைக்கோல் மஞ்சளுக்குப் போகும், எண்ணெய் பூசிய 1960களின் தேக்கு ஆரஞ்சுக்குப் போகும், மகாகனி சிவப்புக்குப் போகும், ஈட்டி ஊதா கலந்த பழுப்பாகக் கருங்கோடுகளோடு நிற்கும். நம் ஊர்ச் சாமான்களில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பீரோவின் கதவைத் திறந்து, பாலிஷ் படாத உள்தட்டையும் வெளிப்பலகையையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே வெளிர் பொன்னிறமாகவும் வெளியே செம்பழுப்பாகவும் இருந்தால், நீங்கள் இத்தனை காலம் தேக்கின் நிறம் என்று நினைத்திருந்தது, சாயம் கலந்து ஏற்றிய அரக்கு பாலிஷின் நிறம். சுவருக்கு நிறம் பார்க்கும்போது கணக்கில் கொள்ள வேண்டியது இந்த வெளிநிறத்தைத்தான். அதற்காகப் பாலிஷைச் சுரண்டி எடுக்காதீர்கள். அந்தப் பூச்சில் ஒரு தலைமுறையின் கைபட்ட பளபளப்பு இருக்கிறது, திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்படிப் பார்த்து முடித்தால் ஒன்று தெளிவாகும். இந்த மரங்கள் எல்லாம் மஞ்சளிலிருந்து ஊதாச்சிவப்பு வரையுள்ள பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குச் சுவரும் அதே பக்கத்தில், அதே அடர்த்தியில் அமைந்தால், அதாவது தவிட்டு நிறமோ பழுப்போ அடித்தால், மரம் சுவரில் கரைந்துவிடும். கைப்பேசியில் அறையைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். சுவரும் பீரோவும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த நிறத்தைக் கைவிட வேண்டியதுதான். நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது, மஞ்சள் சாயலோடு சாம்பல் கலந்த பச்சை: நிழலில் காயவைத்த முருங்கைக் கீரையின் மங்கிய நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சையில் உள்ள மஞ்சள், ஓக்கையும் தேக்கையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதில் உள்ள பச்சை, ஈட்டியின் சிவப்பை லேசாக எடுத்துக் காட்டும். அதில் உள்ள சாம்பல், இவை எதையும் மிகையாக்காமல் அடக்கி வைக்கும். பச்சை பிடிக்காதவர்கள் சந்தன நிறத்துக்கும் வெண்ணெய் நிறத்துக்கும் இடைப்பட்ட ஒன்றை எடுக்கலாம், ஆனால் அதில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கக் கூடாது. மகாகனியோ சிவப்புப் பாலிஷோ உள்ள அறையில் அது சீக்கிரமே சலிப்பூட்டும்.

அங்குள்ள பல நிறுவனங்களின் ஷேட் கார்டில் ஒளித் திருப்பு அளவு (LRV), அதாவது அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்று 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கும், அல்லது இணையதளத்தில் கொடுத்திருப்பார்கள். 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. கருமரம் நிறைந்த, வெயில் வராத அறைக்கு 60 முதல் 70க்குள் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. 80க்கு மேல் போனால் ஈட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி மிகையாகிவிடும். மாறாக, அறை சிறியதாகவும் மாலையில் மட்டும் புழங்குவதாகவும் இருந்தால், அடர்ந்த பாசிப்பச்சையோ செங்காவியோ துணிந்து அடிக்கலாம். இருண்ட அறையை வெள்ளையடித்து வெளிச்சமாக்க முடியாது. விளக்கொளியில் கருமரத்துக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் அடர்ந்த சுவரே அழகு.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருப்பவர்கள் திசையை மாற்றிப் படிக்க வேண்டும். அங்கே வெயில் வருவது வடக்கு ஜன்னலில். தெற்கு பார்த்த அறையே குளிர்ந்த அறை.

விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் குளிர்காலத்தில் அறையின் நிறத்தைத் தீர்மானிப்பது அதுதான். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலச் சாயல், குறைந்தால் மஞ்சள் சாயல். நம் வீடுகளில் பழகிய வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். அதையே அங்கேயும் மாட்டினால் தேக்கு செத்துப்போகும். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பும், பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிற வெளிப்பாட்டு எண் (CRI) 90க்கு மேல் போட்டிருப்பதும் பார்த்து வாங்குங்கள். பல்பை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு நிறம் பார்ப்பதே முறை; மஞ்சள் விளக்கில் வெண்ணெய் நிறம் ஒரு படி கூடும், நீலம் ஒரு படி மங்கும்.

கடையில் ஷேட் கார்டின் சிறு கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சிறு மாதிரி டப்பாக்கள் எல்லா ஊரிலும் விற்கிறார்கள். பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, முழுவதும் காயவிட்டு, பீரோவின் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். நேரே சுவரில் அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். எங்கள் ஊர்ப் பெயிண்டர் ஒருவர் "ஈரத்துல பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க, காஞ்சாத்தானுங்க நெசமான நெறம் தெரியும்" என்பார்; எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு சாயல் கூடித்தான் நிற்கும். அட்டையைக் காலையிலும், மதியம் தாண்டியும், விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். மூன்று நேரத்திலும் மனசுக்கு ஒத்துவந்தால் அதுவே உங்கள் நிறம். நாலுக்கு நாலு மீட்டர் அறைக்கு, இரண்டு கோட் அடிக்க 5 முதல் 6 லிட்டர் போதும். பளபளப்பில்லாத மேட் வகையையே சுவருக்கு எடுங்கள். பழைய வீட்டுச் சுவரின் மேடுபள்ளத்தைப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். சுவரின் அடியில் ஓடும் சட்டத்தையும் ஜன்னல் சட்டத்தையும் பளீர் வெள்ளையில் விடாமல் சுவரின் நிறத்திலேயே அடித்துவிட்டால், அறையில் பேசுவது மரம் மட்டுமாக இருக்கும்.

பவானி ஜமக்காளம் கொண்டுபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் சிவப்பும் பச்சையும் நீலமும் உள்ள பட்டைகள் அடர்த்தியானவை. அவற்றில் ஒன்றை எடுத்துச் சுவருக்கு அப்படியே அடித்துவிடத் தோன்றும், வேண்டாம். ஜமக்காளம் தரையில் இருக்கும்போது சுவர் அமைதியாக இருந்தால்தான், ஊர்ச் சாமானுக்கும் அங்கே வாங்கிய சாமானுக்கும் நடுவில் அது பாலம் போட முடியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சுவரைத் தொடாதீர்கள். காலி செய்யும்போது பழைய நிறத்துக்கே திருப்பித் தரச் சொல்வார்கள், இல்லையென்றால் முன்பணத்தில் பிடிப்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால், மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றில் உங்கள் நிறத்தை அடித்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்துங்கள். மரத்துக்குப் பின்னால் மூன்றடி அகலம் நிறம் இருந்தாலே கண் நிறைந்துவிடும்.

அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடு என்றாலும், இங்கிலாந்தில் 1960களுக்கு முந்தைய வீடு என்றாலும், பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில். இது நம் சாமான்களுக்கும் பொருந்தும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே பாட்டி வீட்டிலிருந்து வந்த இனாமல் அடித்த தொட்டிலையோ முக்காலியையோ புதுப்பிக்கிறேன் என்று சுரண்ட வேண்டாம், அப்படியே துடைத்து வையுங்கள். தொட்டிலில் குழந்தையைப் போடவும் வேண்டாம். இன்னும் அனுப்பாமல் இருப்பவர்கள், ஈட்டி மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ளது என்பதால், எந்த ஆவணம் தேவை என்று ஏற்றுமதி முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்நாட்டில் பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து பின்புறம் பூசணம் பிடிக்கும். நாலு விரல் இடைவெளியாவது வேண்டும்.

நிறம் பார்ப்பது குளிர்காலத்தில், அடிப்பது வசந்தம் பிறந்த பின். செப்டம்பரில் இங்கிலாந்திலோ கனடாவிலோ போய் இறங்கியவர்கள் அவசரப்படாமல், சாமான்களை இடம் பார்த்து நிறுத்தி, அட்டைகளைச் சாய்த்து வைத்து, டிசம்பர், ஜனவரி வெளிச்சத்தில் பார்த்து வரட்டும். அந்த மங்கிய மாதங்களில் நன்றாகத் தெரியும் நிறம் ஜூனிலும் கெடாது, ஜூனில் பார்த்து வாங்கியது ஜனவரியில் ஏமாற்றிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சுவரைக் காயவிடவும் ஏப்ரல், மே மாதங்களே தோதானவை. மிச்சமுள்ள பெயிண்டில் ஒரு டப்பாவை மூடி, நிறத்தின் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டி, உறைபனி படாத இடத்தில் வையுங்கள். பீரோ உரசிய இடத்துக்குப் பின்னாளில் அது தேவைப்படும்.