நின்றுகொண்டு சாப்பிடும் தட்டு: யார் யாருக்குக் கவிழ்ந்தது?

(ராமநாதபுரம் கடலோர ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர், சிலருக்குத் தொழிலும். மண்டபம் என்பதும் இங்கே ஊர்ப் பெயர்தான்.)

மண்டபம், விசேஷச் சமையல்

போன மாதம் அரியமான் கடற்கரையில் ஒரு பிறந்தநாள் விசேஷம். நாற்பது பேர், நாற்காலி பத்து. மீதிப் பேர் மர நிழலில் நின்றபடியே சாப்பிட்டார்கள். சோறு, விளமீன் குழம்பு, வறுத்த கணவாய். தட்டு பாக்குமட்டை, 10 அங்குலம்.

பிறந்தநாள் பையனின் தாத்தா இடது கையில் தட்டை வைத்துக்கொண்டு வலது கையால் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பிசைந்த அழுத்தத்தில் தட்டு லேசாகச் சாய்ந்தது. குழம்பு எதிர் விளிம்புக்கு ஓடியது. அந்தப் பக்கம் கனத்ததும் இன்னும் சாய்ந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எண்ணெய் பட்ட விளிம்பு வழுக்கிவிட்டது. வெள்ளை வேட்டி முழுக்க விளமீன்.

மனுஷன் கோபப்படவில்லை. “தட்டு நல்லாத்தான்யா இருக்கு, எனக்குத்தான் ஒரு கை பத்தல” என்றார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதினைந்து வருஷமாகப் பரிமாறுகிறேன். 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் போயின. பாக்குமட்டை, கரும்புச் சக்கை என்று மாறினோம். எது மக்கும், எது மக்காது என்று மணிக்கணக்கில் பேசினோம். எது கையில் நிற்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான். பரிமாறுகிறவன் தட்டை மேலிருந்து பார்க்கிறான். அடிப்பக்கம் பிடிக்கிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிற ஊர்க்காரர்களுக்குத் தட்டு சும்மா இருந்தால் போதும். நாம் பிசைகிறோம், வழிக்கிறோம், ரசத்தை ஓரத்துக்கு விரட்டுகிறோம். நம் சாப்பாட்டில் தட்டுக்கும் வேலை இருக்கிறது.

உச்சிப்புளியில் தட்டு அச்சடிக்கிற நண்பர் ஒருவர் புது அச்சு கடையப் போகிறார். அதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்றுதான். உங்களுக்கு எங்கே, எப்படிக் கவிழ்ந்தது?

தனுஷ்கோடி, மீன் வறுவல் கடை

எனக்குக் கவிழ்வது பெரிய பிரச்சினை இல்லை அண்ணே, பறப்பதுதான். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு எங்களுக்கு வண்டி வண்டியாக ஆட்கள். போகும்போது இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல், நடுவில் நாங்கள். கச்சான் காற்று எழும்பிவிட்டால் நிறுத்திவைத்த பைக்கே சாய்கிறது, தட்டு எம்மாத்திரம்.

ஒரு பெண் வாங்கிய இரண்டு துண்டு பாறை மீனோடு கடலைப் பார்த்துத் திரும்பி நின்று செல்ஃபி எடுத்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் தட்டு. அகலமான தட்டு பாய் விரித்த மாதிரி காற்றை வாங்கியது. மீன் மணலில். எங்கள் கடை நாய்க்கு இதெல்லாம் நேரம் தவறாமல் நடக்கிற விஷயம்.

அதிலிருந்து சின்ன, ஆழமான தட்டுதான் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் உட்காரும், நாலு விரலும் சுற்றிப் பிடிக்கும், காற்றுக்கு இடம் கொடுக்காது. ஒரே குறை, “அளவைக் குறைச்சிட்டீங்களா?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதே துண்டுதான். தட்டு சின்னதானால் கண்ணுக்கு மீனும் சின்னதாகிவிடுகிறது.

கீழக்கரை

எங்கள் ஊரில் விருந்து என்றால் சஹன். பெரிய தட்டு தரையில் இருக்கும், சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். யாரும் எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வெளியூர்க் கல்யாணங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

உம்மாவுக்குக் கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம். சாவியைத் திருப்பவே வலிக்கும். ஒரு வரவேற்பில் கரும்புச் சக்கைத் தட்டில் நெய்ச்சோறும் தால்சாவும் கொடுத்தார்கள். விளிம்பைக் கிள்ளிப் பிடிக்க அவரால் முடியவில்லை. உள்ளங்கையை அடியில் கொடுத்தார், சூடு தாங்கவில்லை. முந்தானையை மடித்து அடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சூடான தால்சாவில் அடி நமுத்து, தட்டு நடுவில் தொங்கியது. பட்டுப்புடவைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டாம். அதன் பிறகு “எனக்குப் பசிக்கல” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

கிள்ளாமல் பிடிக்கிற மாதிரி ஒன்று செய்யுங்கள். கட்டைவிரலில் தெம்பு இருக்கிறவர்கள்தான் விருந்துக்கு வருவார்கள் என்று யார் சொன்னது?

ராமேஸ்வரம்

இதெல்லாம் வேண்டாத வேலை. இலையைப் போட்டு உட்கார வையுங்கள். சாப்பாடு என்றால் அதுதான்.

மண்டபம், விசேஷச் சமையல்

சரி அய்யா. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் ஒரே நேரத்தில் நூறு பேர் உட்கார இடம் காட்டுங்கள், இலை என் செலவு.

உச்சிப்புளி, தட்டு அச்சடிப்பவர்

அண்ணன் சொன்ன நண்பர் நான்தான். என் தப்பை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக மட்டையில் கிழிசல் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

பாக்குமட்டை நம் பக்கம் கிடைக்காது, லாரியில் வர வேண்டும். வந்ததை ஊறவைத்து, கழுவி, சூடான அச்சுக்கு நடுவில் அழுத்தினால் தட்டு. கேட்க எளிது. ஆனால் ஒரு மட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீளவாக்கில் வரி வரியாக நார் ஓடும். வரி போய் முடிகிற விளிம்பில் பிடித்தால் அத்தனை நாரும் வீட்டு உத்தரம் மாதிரி நின்று எடையைத் தாங்கும். பக்கவாட்டு விளிம்பில் பிடித்தால் நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கிற சதைதான் தாங்க வேண்டும். அது வளையும், சில நேரம் வரியோடு பிளக்கும். தட்டு வட்டமாக இருப்பதால் எது தலைமாடு, எது பக்கம் என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அரியமான் தாத்தா பக்கவாட்டில்தான் பிடித்திருப்பார், பந்தயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 அங்குலத் தட்டில் மையம் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 12.5 செ.மீ. தட்டில் அரைக் கிலோ சாப்பாடு. பெரியவர் விரல் அடியில் 8 செ.மீ. வரை உள்ளே போகிறது, கட்டைவிரல் மேலே விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் உள்ள விரல் நுனி, பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் நடு முட்டு மாதிரி. எடை அதற்கு 4.5 செ.மீ. அப்பால், கட்டைவிரல் 6.5 செ.மீ. இப்பால். ஆக, கட்டைவிரல் சுமார் 350 கிராம் அழுத்தினால் போதும். அதே தட்டைச் சின்னப் பிள்ளை பிடிக்கிறது, விரல் 5 செ.மீ.தான் உள்ளே போகும் என்றால்? எடை 7.5 செ.மீ. தள்ளிப் போகிறது, கட்டைவிரல் 3.5 செ.மீ. பக்கம் வருகிறது. அந்தப் பிஞ்சு விரல் ஒரு கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். பிள்ளைகள் கொட்டினால் திட்டுகிறோமே, அதை நினைத்தேன்.

அடியில் வளையம், கட்டைவிரலுக்கு ஓட்டை என்றெல்லாம் வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிறவருக்கு அது சரி. மட்டை அப்படி இழுபடாது. ஆழத்தைக் கூட்டினால் மூலையில் கிழியும், ஓட்டை போட்டால் நார் அறுந்து அங்கேதான் முதலில் பிளக்கும்.

காகிதக் கூழைத் தட்டாக வார்க்கும் தொழிலை நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கியவர் மார்ட்டின் கீஸ். மர ஆலையில் வேலையாட்கள் மரச் சீவலைத் தட்டாக வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அவர் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். நான் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பாம்பன், விசைப்படகு

கடலில் தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடுகிறவன் புது ஆள் என்று அர்த்தம். நாங்கள் கால் மடக்கி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வோம். அதுவும் தட்டு இல்லை, அடியில் வளையம் வைத்த கும்பா. குனிந்து எதையாவது இழுக்க வேண்டி வந்தாலும் அந்த வளையத்தில் விரலைக் கோத்துத் தூக்கிக்கொண்டே போகலாம்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒருமுறை படகில் வெளியூர்ச் சனம் வந்தது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக் காகிதத் தட்டில் பிரித்தார்கள். அலை ஒரு தூக்குத் தூக்கியதும் பாதிப் பேர் சோறு பலகையில். அதில் அறை பிரித்த தட்டு வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது என்னவோ போல இருந்தது, ஒன்றைக் கேட்டு வாங்கி அடியைத் தடவிப் பார்த்தேன். மேலே மேடு இருக்கிற இடத்தில் அடியில் பள்ளம். விரல் தேடிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்துவிடுகிறது. பள்ளத்தில் விரல் இருந்தால் தட்டு சுற்றாது, முன்னாலும் ஓடாது.

உச்சிப்புளி, தட்டு அச்சடிப்பவர்

அண்ணே, இது போதும் எனக்கு. மேடு, பள்ளம் அச்சில் கொண்டுவரலாம், ஆழம் அதிகம் தேவைப்படாது.

சாயல்குடி

பதனீர் குடிக்கிற பட்டையை யாரும் சொல்லவில்லையே? எங்கள் பக்கம் பனை இல்லாத திசை கிடையாது. தாத்தா பச்சை ஓலையை விரித்து, நடுவில் கை வைத்துக் குழியாக்கி, இரண்டு ஓரத்தையும் கூட்டி ஓலைக் கீற்றாலேயே ஒரு கட்டுப் போடுவார். அரை நிமிஷம். கட்டுப் போட்ட முனைதான் பிடி. தனியாக ஒட்டியது இல்லை, ஓலையே கிண்ணமாகி ஓலையே காம்பாகிறது. கிடாவெட்டுச் சோற்றைக் குழம்போடு அதில் வாங்கி நின்றுகொண்டே தின்றிருக்கிறேன், ஒரு சொட்டுச் சிந்தியதில்லை.

பனை ஓலை ஏற்கெனவே விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாகத்தான் இருக்கிறது. தட்டையான தாளை ஓரத்தில் பிடித்தால் தொங்கும், அதே தாளை நாலு மடிப்பு விசிறியாக மடித்தால் விறைத்து நிற்கும் இல்லையா, அதுதான் கதை. உச்சிப்புளிக்காரர் போடுகிற மேடும் அந்த வேலையைச் செய்யும் என்று நினைக்கிறேன். விரலுக்குப் பள்ளம், தட்டுக்கு விறைப்பு. மேட்டை நார் ஓடுகிற வாக்கிலேயே போடுங்கள்.

எல்லாரும் பட்டைக்கே திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் பேருக்கு யார் மடிப்பது? ஓலை வெட்டித் தரவே ஆள் இல்லை இப்போது.

மண்டபம், விசேஷச் சமையல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரும்பு அச்சு கடைய முன்னால் மரத்தில் பார்த்துவிடலாம் என்று படகு வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போனோம். வேம்புக் கட்டையில் மேல் பாதி, கீழ் பாதி செதுக்கிக் கொடுத்தார். மரத்தைச் சூடாக்க முடியாதே, அதனால் ஊறின மட்டையை நடுவில் வைத்து மேலே ஆட்டுக்கல்லை ஏற்றி இரண்டு நாள் விட்டோம். ஆறு தட்டு. கடல் ஈரத்தில் இரண்டு பூஞ்சை பிடித்துப் போயிற்று. நாலு தேறியது.

ஒரு பக்க விளிம்பு மட்டும் கட்டைவிரல் படுக்கிற அளவுக்கு அகலமான நாக்கு மாதிரி வெளியே நீண்டிருக்கும். அதிலிருந்து மையத்தை நோக்கி, நார் வாக்கில், ஒரு மேடு. அடியில் இரண்டு விரல் உட்காரும் பள்ளம். நாக்கைப் பார்த்ததும் எங்கே பிடிப்பது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரைக் கிலோ ஈர மணலைக் கொட்டி என் மனைவியிடம் கொடுத்தேன். பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு அரியமான் தாத்தா வீட்டுக்கே போனேன். விளமீன் குழம்புதான் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். முற்றத்தில் நின்று வாங்கினார், பிசைந்தார், தட்டு அசையவில்லை. ஆனால் அவர் முகம் சரியில்லை. “நிக்குது தம்பி. சோத்தத்தான் ரெண்டாப் பிரிக்குது” என்றார். மேடு மையம் வரை போய்விட்டது. பிசைகிற கை ஒவ்வொரு தடவையும் அதில் இடிக்கிறது. வழித்துச் சாப்பிட முடியாமல் மேட்டோரத்தில் பருக்கை தங்கிவிட்டது. அவருக்குத் தட்டில் பருக்கை மிஞ்சினால் ஆகாது, விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மேட்டை 6 செ.மீ.க்குக் குறைத்து, முனையை மழுக்கிவிடலாம் என்று உச்சிப்புளி சொல்கிறார். குறைத்தால் நடுவில் விறைப்புப் போய்விடுமோ என்பது என் பயம். அடுத்த கட்டை செதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குள் ஒரு உதவி. வீட்டில் பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், ஒரு தட்டைப் பிடிக்கச் சொல்லி, விரல் அடியில் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று ஸ்கேலில் அளந்து இங்கே போடுங்கள். வயதையும் எழுதுங்கள்.

கீழக்கரை

பிள்ளைகள் அளவு மட்டும்தானா? உம்மா கை அளவு வேண்டாமா?

மண்டபம், விசேஷச் சமையல்

அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் அக்கா. அனுப்புங்கள். எந்த விரல் வலிக்காமல் மடங்கும் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.