விளையாட்டுச் சான்றிதழில் இனிஷியல் தப்பு, கவுன்சிலிங்கில் ஏற்பார்களா?

எங்களுக்குத் தூத்தூர் பக்கம். மகன் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தான். ஃபுட்பால், லெஃப்ட் விங். பொறியியல் கவுன்சிலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கென்று உள்ள 500 இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

பிளஸ் ஒன்னில் குடியரசு தின மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ்தான் இருப்பதிலேயே பெரியது. அதில் இனிஷியல் 'ஜே'வுக்குப் பதில் 'ஜி' என்று அச்சாகியிருக்கிறது. மார்க் ஷீட், ஆதாரில் எல்லாம் சரி. பி.டி. சார் பள்ளி லெட்டர்பேடில் கடிதம் வாங்கித் தந்தார். நாகர்கோவிலில் தெரிந்த கோச்சைப் பார்த்தோம். போட்டியை நடத்தியவர்கள்தான் திருத்த வேண்டும் என்றார். அங்கே போன் அடித்தால் எடுப்பாரில்லை. வீடு முழுக்கக் கோப்பை, தேவைப்படுவதோ ஒரு எழுத்து!

சரிபார்ப்பு அடுத்த வாரம். பள்ளிக் கடிதத்தோடு நோட்டரி அஃபிடவிட்டும் வைத்தால் ஏற்றுக்கொள்வார்களா?