சனியில் வளையமே தெரியவில்லை – தொலைநோக்கி பழுதா? அவசரம்

வாசகசாலைக்காரன் | 2025 நவம்பர் 24, இரவு 10.40
வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்காக வீடு வீடாக வசூல் செய்து தொலைநோக்கி வாங்கியிருக்கிறோம். இரண்டு இரவாகச் சனியைப் பார்க்கிறேன், வளையமே இல்லை. வெறும் வட்டம். பாடப்புத்தகப் படத்தைக் காட்டித்தான் பணம் கேட்டோம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். திருப்பிக் கொடுப்பதென்றால் வியாழனுக்குள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பழுதா, இல்லையா?

பனங்காடு | 10.52
எந்தத் தொலைநோக்கி? லென்ஸா, கண்ணாடியா? விட்டம் எவ்வளவு? எந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்)? எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் பார்த்தீர்கள்? எந்த ஊர்? இவற்றைச் சொல்லாமல் பழுது என்றோ இல்லை என்றோ எப்படிச் சொல்வது?

கணவாய்க்காற்று | 11.05
பாலக்காட்டுப் பக்கம் என்றால் எனக்குப் பதில் தெரியும். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் திறப்பு. இந்த மாதத்தில் கிழக்குக் காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் பாய்கிறது. காற்று அலைந்தால் பிம்பமும் அலையும், மெல்லிய கோடு கரைந்துவிடும். நான் வேலந்தாவளத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். காற்று அடங்கிய இரவில் பாருங்கள்.

பனங்காடு | 11.11
அவர் ஊரையே இன்னும் சொல்லவில்லை, அண்ணா.

குமுளிக்காரி | 11.20
நீங்கள் பார்த்தது சனிதானா? இப்போது இரவு எட்டு மணிக்குச் சனி ஏறக்குறைய உச்சியில், சற்றே தெற்குச் சாய்வில் நிற்கிறது. அதற்குக் கீழே, தெற்கு வானின் பாதி உயரத்தில் ஃபோமல்ஹாட் என்ற விண்மீன் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பிரகாசம். போன வாரம் நானே முதலில் அதைத்தான் பிடித்தேன். ஃபோமல்ஹாட் வெண்மை, மினுக்கும். சனி இளமஞ்சள், நிதானமாக எரியும்.

தெற்குவானம் | நவம்பர் 25, காலை 6.15
மார்ச் முதல் இதே கேள்விக்குப் பதில் எழுதிவருகிறேன். வாங்குவதற்கு முன் இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படித்திருக்க வேண்டும். மீண்டும் சொல்கிறேன். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் இருமுறை அதன் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும். இம்முறை 2025 மார்ச் 23இல் அது நடந்தது. சனி அப்போது சூரியனுக்கு அருகே இருந்ததால் யாரும் சரியாகப் பார்க்க முடியவில்லை. இந்த வாரம் நம் பார்வைக்கு வளையத்தின் சாய்வு மறுபடியும் அரை பாகைக்கும் கீழே வந்திருக்கிறது. வளையத்தின் குறுக்களவு சுமார் 2,70,000 கிலோமீட்டர், தடிமனோ பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். தாளை விளிம்பு வாட்டத்தில் பிடித்துப் பாருங்கள், புரியும். கருவியைக் குறை சொல்லும் முன் வானத்தைப் படிக்க வேண்டும்.

வாக்கியம்108 | 7.02
வளையம் மறைந்த அதே மார்ச் மாதம் 29ஆம் தேதிதான் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் சொன்னார்கள். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6தான். சனி இன்னும் கும்பத்தில்தான் இருக்கிறது.

பனங்காடு | 7.20
கணக்கு வானத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஐயா. திருக்கணிதம் இன்றைய அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் தள்ளி நிற்கும் கணக்கை எப்படி ஏற்பது?

வாக்கியம்108 | 7.41
வாக்கியம் எங்கள் கோவில் வழக்கம். பெரியவர்கள் தொலைநோக்கி இல்லாமல் செய்யுளில் பொதித்து மனப்பாடமாகக் காத்த கணக்கு. அதைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்.

தெற்குவானம் | 7.50
யாரும் எறியச் சொல்லவில்லை. ஆனால் வளையம் தெரியாததற்கும் பெயர்ச்சிக்கும் தொடர்பில்லை. 1612இல் கலிலியோவுக்கும் இப்படித்தான் காணாமல் போனது. அது வளையம் என்பதே அவருக்குத் தெரியாது. 1659இல்தான் டச்சு வானியலாளர் ஹைகன்ஸின் விளக்கம் அச்சேறியது.

வாசகசாலைக்காரன் | 1.30
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஊர் கொழிஞ்சாம்பாறை. கண்ணாடித் தொலைநோக்கி, 114 மி.மீ., குழாயில் 900 என்று இருக்கிறது. ஐபீஸ் 25, 10 இரண்டும் போட்டேன். எட்டரை மணி, கிட்டத்தட்ட தலைக்கு மேல், மஞ்சள்தான். பெரிய தட்டு போல் தெரிகிறது. நடுவில் கறுப்பாக வட்டப்புள்ளி. கண்ணாடியில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

முன்னிரவு | 1.48
ஓட்டை இல்லை, தம்பி. அந்தக் கறுப்புப் புள்ளிதான் விடை. குழாயின் வாய்ப்பக்கம் ஒரு சிறிய கண்ணாடி மாட்டியிருக்கும், அதன் நிழல் அது. குவியம் சேராதபோதுதான் இப்படி அப்பளம் போல் விரிந்து, நடுவில் இருட்டாகத் தெரியும். ஐபீஸ் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்புங்கள். வட்டம் சுருங்கினால் அதே பக்கம் தொடருங்கள், வளர்ந்தால் எதிர்ப்பக்கம். கறுப்பு மறைந்து, விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். பெரிதாகத் தெரிவது நல்லது என்று நினைத்துத் திருப்பியிருப்பீர்கள், எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறோம். உங்கள் கருவியில் 10 ஐபீஸ் 90 மடங்கு பெரிதாக்கும் (900 ÷ 10). அதில் சனி, வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவுதான் இருக்கும்.

இன்னொன்று: கறுப்புப் புள்ளி தட்டின் நட்டநடுவில் இருந்ததா, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்ததா? நடுவில் என்றால் கொலிமேஷனும் (கண்ணாடிகள் ஒரே நேராக அமைந்திருப்பது) சரி. திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கணவாய்க்காற்று | 2.05
காற்றையும் மறக்கக் கூடாது. அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குழாயை ஆறவிடுங்கள்.

வாசகசாலைக்காரன் | 2.11
நட்டநடுவில்தான். இன்றிரவு பார்க்கிறேன்.

குமுளிக்காரி | 3.30
வெள்ளிக்கிழமை எனக்கு ஆசையாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். அன்று நிலா சரிபாதி. இருளும் ஒளியும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும், பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். அடுத்து 25 ஐபீஸில் கிழக்கே கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு எத்தனை என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள், பிறகு குழாயில் எண்ணட்டும். ஒன்பதரைக்கு மேல் கிழக்கே வியாழன் எழும், புனர்பூசத்து இரட்டை விண்மீன்களோடு. சற்று உயர்ந்ததும் அதன் நிலாக்கள் ஒரே வரிசையில் தெரியும். சனியை நடுவில் வையுங்கள். சனிக்கிழமை இரவு நிலாவே சனியின் அருகில் வந்து நிற்கும், அன்று வீட்டிலிருந்தே தேடலாம்.

தெற்குவானம் | 4.10
வளையம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கோடாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த விளிம்புக் காட்சிக்கு 2038 ஆகும். 2032 வாக்கில் வளையம் நன்கு விரிந்திருக்கும், இன்று பார்க்கும் பிள்ளை அன்றும் பார்க்க வேண்டும். நான் காலையில் எழுதியது கடுமையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனங்காடு | நவம்பர் 27, இரவு 8.00
வியாழக்கிழமை வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

வாசகசாலைக்காரன் | நவம்பர் 28, இரவு 11.55
கொடுக்கவில்லை. குவியம்தான். சிறிய மஞ்சள் உருண்டை, இரு பக்கமும் ஊசி நுழைத்தது போல் கோடு. முதலில் பார்த்த பெண்பிள்ளை, "மாமா, உளுந்துக்குள் ஈர்க்குச்சி" என்றாள். பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி, சனியின் நிலா டைட்டன் என்று நினைக்கிறேன். கடைசிப் பிள்ளை இப்போதுதான் போனது. நன்றி, தூங்கப் போகிறேன்.

முன்னிரவு | நவம்பர் 29, காலை 5.30
டைட்டன் கோட்டின் நேரிலேயே இருந்ததா, சற்று விலகியா? எந்த ஐபீஸில் பார்த்தீர்கள்?

கணவாய்க்காற்று | 6.02
காற்று எப்படி இருந்தது?