ரிவெட் உடைந்த மாடல் எம்: போல்ட் போடலாமா?

மாலைப்பொழுது:
1989ஆம் ஆண்டு முத்திரையுள்ள ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ உருள்கிறது. 5.5 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் கூட்டைத் திறந்தபோது, எஃகுத் தகட்டின் பின்புறம், அதை மேலுள்ள சட்டத்தோடு பிணைக்கும் 14 பிளாஸ்டிக் ரிவெட்டுகளின் தலைகள் முறிந்து, மிளகுபோல் கொட்டின. எல்லா ரிவெட்டுகளையும் செதுக்கியெடுத்துவிட்டு போல்ட் பொருத்தவும், உள்ளிருக்கும் மின்பலகையை மாற்றி, கூட்டின் பின்புறம் துளையிட்டு யூஎஸ்பி வைக்கவும் எண்ணுகிறேன். சரியாக வருமா?

பழையதே போதும்:
வேண்டாம் என்பதே என் கருத்து. ஐபிஎம் தன் விசைப்பலகைத் தொழிலை 1991இல் லெக்ஸ்மார்க் என்ற நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதால், அதற்கு முந்தைய பலகைகள் இனி எண்ணிக்கையில் குறையுமே ஒழியக் கூடப்போவதில்லை. யூஎஸ்பிதான் வேண்டுமென்றால், விசைக்கொரு நெளியும் சுருள்வில் கொண்ட அதே வகைப் பலகையை யூனிகாம்ப் நிறுவனம் கென்டக்கியின் லெக்ஸிங்டனில் புதிதாகவே செய்து விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாமே. செதுக்கிய ரிவெட்டை மீண்டும் ஒட்டவைக்க யாராலும் முடியாது.

திருப்புளி:
ஐயா, நாம் செதுக்காவிட்டாலும் அவை முறியத்தான் போகின்றன. விசையை அழுத்தும்போது சுருள்வில் ஓரளவு சுருங்கி, பிறகு சட்டென்று பக்கவாட்டில் நெளிகிறது. அந்த நொடியில் அதன் அடியிலுள்ள சிறு சுத்தி, மின்தடங்கள் பதித்த மென்படலத்தைத் தட்ட, எழுத்து பதிவாகிறது. சுத்திக்கும் படலத்துக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்க, மேலுள்ள பிளாஸ்டிக் சட்டமும் கீழுள்ள எஃகுத் தகடும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள் இருப்பது இதற்காகவே. ஒன்று போனால் அதன் சுமை பக்கத்து ரிவெட்டில் ஏறும். பிறகு அதுவும் போகும். தட்டினால் எழுத்து விழாத பலகையை அலமாரியில் வைத்துப் பாதுகாப்பதில் என்ன பயன்? 1981இல் ஐபிஎம் பீசியுடன் வந்த மாடல் எஃப் பலகையில் இந்தப் பிளாஸ்டிக் ரிவெட்டுகளே கிடையாது என்பதையும் நினைவூட்டுகிறேன். இது செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. போற்றிக் காக்க வேண்டிய கலை நுணுக்கம் அன்று.

பழையதே போதும்:
ரிவெட் விஷயத்தில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் 14 போனதற்காக மீதமுள்ள நல்லவற்றையும் ஏன் செதுக்க வேண்டும்? முறிந்த இடங்களில் மட்டும் துளையிட்டுத் திருகாணி முடுக்கினால், தகட்டைப் பிரிக்காமலே வேலை முடிந்துவிடும். கூட்டில் துளையிடுவதை மட்டும் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இந்தப் பலகைக்கு யூஎஸ்பி மொழி தெரியாது. ஆகவே வெறும் முனையை மாற்றித் தரும் மலிவான இணைப்பான் பயன்படாது. உள்ளே சில்லு வைத்த மாற்றியைக் கம்பியின் முனையில் செருகினால் போதும், கூட்டைத் தொடவே வேண்டியதில்லை. பெராக்சைடு பூசி வெயிலில் வைத்துப் பழைய கூட்டின் மஞ்சளைப் போக்குவோரிடமும் இதையே சொல்லி வருகிறேன்: திட்டுத்திட்டாக வெளுத்தபின் வருந்திப் பயனில்லை.

திருப்புளி:
திருகாணி யோசனை இந்த ஆண்டுக்குப் போதும். அடுத்த ஆண்டு மறுபடி திறக்க நேரிடும். முழுதாகப் பிரித்தால் படலத்தையும் துடைத்துவிடலாம். 2 மி.மீ. போல்ட்டுக்கு 1.6 மி.மீ. துளையே சரி, இடைவெளிப் பட்டைக்கு அருகிலுள்ள கீழ்வரிசையில் கையால் மெதுவாகத் துளையிடுங்கள், அவசரப்பட்டால் சட்டத்தில் விரிசல் விழும். கூட்டைப் பற்றி மட்டும் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. விண்டோஸ் விசை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தமிழுக்கு மாற ஆல்ட்டும் ஷிஃப்டும் போதும்.

மாலைப்பொழுது:
இருவருக்கும் நன்றி. இன்று மீண்டும் திறந்து பார்த்தேன், எண்ணிக்கை 16 ஆகிவிட்டது. முழுதாகவே பிரித்துவிடுகிறேன். மாற்றி வெளியிலேயே இருக்கட்டும்.