லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, இயர்போனில் மட்டும் கேட்கிறது

மேலகரத்துப் பேரன்:
வணக்கம். நாலு வருட லேப்டாப், விண்டோஸ் 11. நாலு நாளாக ஸ்பீக்கரில் பொட்டுச் சத்தம் இல்லை. இயர்போன் சொருகினால் நன்றாகக் கேட்கிறது. வால்யூம் 100 வைத்துப் பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் ஆடியோ டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று.

தாத்தா கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு பழைய கேசட்டில் இருந்தது. அதை இப்போதுதான் லேப்டாப்பில் ஏற்றினேன். ஆச்சிக்குப் போட்டுக் காட்டலாம் என்றால் இப்படி ஆகிவிட்டது. இயர்போனைக் காதில் வைக்க ஆச்சி சம்மதிக்க மாட்டாள். யாராவது வழி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரர்:
தம்பி, கீழே ஸ்பீக்கர் படம் இருக்கும் இடத்தில் எந்த டிவைஸ் பெயர் காட்டுகிறது? எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை மாட்டினீர்களா, புளூடூத்தில் எதையாவது இணைத்தீர்களா? சில நேரம் சத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

மேலகரத்துப் பேரன்:
டிவி, புளூடூத் எதுவும் இல்லை அண்ணாச்சி. ஒன்றுமே சொருகாதபோதும் ‘ஹெட்போன்’ என்றுதான் காட்டுகிறது. மேஜை ஜன்னல் ஓரம். போன வாரம் சாரல் உள்ளே அடித்தது. இயர்போன் சொருகும் ஜாக் இருக்கும் பக்கம் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது.

ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் பார்ப்பவர்:
அப்படியென்றால் ஜாக்கில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். இயர்போனில் கேட்பதால் ஆடியோ சிப்பும் டிரைவரும் வேலை செய்கின்றன, அவற்றை இனி நோண்ட வேண்டாம். ஜாக்கின் உள்ளே சின்னத் தகடு ஒன்று உண்டு. பின் உள்ளே போனதும் அது நகரும், உடனே ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஈரமோ தூசியோ பச்சைக் களிம்போ அங்கே ஏறினால், பின் இன்னும் உள்ளே இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும்.

முதலில் ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றி, ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், மாவுத் தூள்தான் உள்ளே போகும். மறுநாள் ஆன் செய்யாமலே இயர்போன் பின்னைப் பத்துப் பதினைந்து தடவை சொருகி எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் லேசாகத் தொட்டு உள்ளே தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். ஊக்கு, ஊசி எதையும் விடாதீர்கள். தகடு வளைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டிவரும்.

பிரித்துப் பார்க்கும் முன் உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டுங்கள். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) alsamixer என்று தட்டி, ஆல்சாமிக்சர் என்ற சவுண்ட் செட்டிங்கைத் திறந்து, எஃப்6 அழுத்தி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். பின் சொருகினால் ஸ்பீக்கரைத் தானாக அடக்கும் ‘ஆட்டோ மியூட் மோட்’ இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். ஸ்பீக்கர் பாடினால் ஸ்பீக்கர் நல்லாயிருக்கிறது, ஜாக்தான் ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

உவரிக்காரர்:
கடலோரத்தில் எங்களுக்கு உப்புக் காற்றால் இதே தொல்லை. துரு போகட்டும் என்று நான் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். தூசி ஒட்டி இன்னும் மோசமாகி, கடைசியில் ஜாக்கை மாற்றினேன். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

மேலகரத்துப் பேரன்:
ஒரு ராத்திரி காயவைத்துச் சொருகி எடுத்தேன். சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஆல்கஹால் தடவியபோது பிரஷ்ஷில் பச்சையாக ஒட்டியது. காய்ந்ததும் ஆன் செய்தேன், ‘ஸ்பீக்கர்’ என்று காட்டிவிட்டது! தாத்தா குரல் வந்ததும் ஆச்சி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். உடுக்கும் தாளமும் தெளிவாக இருக்கிறது, குடத்துச் சத்தம் மட்டும் எடுபடவில்லை. குடம் அடித்தது ஆச்சியின் தம்பி, அதைத்தான் தேடுகிறாள்.

ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் பார்ப்பவர்:
அது கோளாறு இல்லை தம்பி. லேப்டாப் ஸ்பீக்கர் சின்னது, குடத்தின் கனத்த சத்தத்தை அதால் தள்ள முடியாது. கொஞ்சம் பெரிய புளூடூத் ஸ்பீக்கரை யாரிடமாவது வாங்கிப் போட்டுக் காட்டுங்கள், ஆச்சிக்குக் கேட்கும். சாரல் நிற்கும்வரை ஜாக்கில் எதையும் சொருக வேண்டாம், மேஜையையும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.